குட்டி யானைக்கும் லாரிக்கும் தனி ட்ராக்கர் வேண்டுமா, டிரைவர் போனே போதுமா?

லோடு_கணக்கு · திங்கள் காலை 9:12

வணக்கம். நாமக்கல்லில் ஒரு விநியோக நிறுவனம். 9 குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரி சிறு சரக்கு வண்டி), 4 லாரி. குட்டி யானைகள் தினமும் 60 முதல் 110 கி.மீ. வரை கடை கடையாக நின்று ஓடுபவை. லாரிகள் பெங்களூரு, சென்னை, கொச்சி லைன். எல்லா டிரைவர் கையிலும் கம்பெனி ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது.

தெரிய வேண்டியது மூன்று: வண்டி இப்போது எங்கே, நாளுக்கு எத்தனை கி.மீ., எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றது. சோதனைக்கு 3 குட்டி யானை போன்களில், போனின் இடத்தை சர்வருக்கு அனுப்பும் ட்ராக்கார் கிளையன்ட் ஆப் போட்டு, 10 நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்து 2 வாரம் ஓட்டியாயிற்று. வந்த சிக்கல்கள்:

1. மதியம் 1 மணிக்கு மேல் தடம் அறுந்துவிடுகிறது. சில நாள் மாலையில் தானாகத் திரும்புகிறது, சில நாள் இல்லை.
2. குடோனில் 4 மணி நேரம் நின்ற வண்டிக்கு 6 கி.மீ. ஓடியதாகக் கணக்கு.
3. பரமத்தியில் இருந்த வண்டி 1 நிமிடம் சேலத்தில் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

போனிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை 13 வண்டிக்கும் தனி ட்ராக்கர் பெட்டி வாங்கிப் பூட்டுவதுதான் வழியா?

சங்ககிரி_சக்கரம் · திங்கள் காலை 9:40

போனை விட்டுருங்க. டிரைவர் டீ குடிக்க இறங்கினா போனும் கூடவே இறங்கும். நீங்க பாக்குறது வண்டியை இல்லீங்க, ஆளை. வண்டி பட்டறையில நிக்கும், போன் வீட்டுல கிடக்கும், மேப்பு வண்டி வீட்டுல நிக்குதுன்னு சொல்லும். லாரிக்காவது பெட்டி போட்டுருங்க.

இன்னொண்ணு. பயணிகள் வண்டி, ஆபத்தான சரக்கு ஏத்துற வண்டின்னு சட்டம் சொல்ற இடத்துல ஏஐஎஸ் 140 (ட்ராக்கர் கருவிக்கான இந்தியத் தரநிலை) சான்று வாங்குன கருவிதான் செல்லும். போன்ல ஆப் இருக்குன்னு காட்டினா எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) கிடைக்காது. உங்க பெர்மிட்டுக்கு எது பொருந்தும்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

குறியீட்டான் · திங்கள் காலை 10:25

சக்கரம் அண்ணன் சொல்வது லாரிக்குச் சரி. கடைக்குக் கடை போகும் குட்டி யானையில் ஆள் எங்கே என்பதும் பயனுள்ள தகவல்தான். பில் போடுவதும் பணம் வாங்குவதும் அவர்தானே. சோதனையில் வந்த மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுகூட செயற்கைக்கோளின் குற்றம் அல்ல.

2வதை முதலில் எடுத்துக்கொள்வோம், அது வெறும் கணக்கு. நிற்கும் போனும் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் தள்ளித் தள்ளித்தான் தன் இடத்தைச் சொல்லும். 4 மணி நேரத்தில் 10 நொடிக்கு ஒன்று வீதம் 1,440 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே சராசரி 4 மீட்டர் ஆட்டம் என்றால் 5,760 மீட்டர். உங்கள் 6 கி.மீ. வந்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே நின்றால் ஆட்டம் இன்னும் கூடும்.

இதற்கு நங்கூரப் புள்ளி போட வேண்டும். வண்டி நின்ற முதல் புள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 50 மீட்டர் தாண்டும் வரை வருகிற எதையும் தூரத்தில் கூட்டாதீர்கள். முந்தைய புள்ளியிலிருந்து அளப்பதும் நங்கூரத்திலிருந்து அளப்பதும் ஒன்றல்ல. முன்னதில் ஆட்டம் சேர்ந்துகொண்டே போகும், பின்னதில் சேராது.

3வது, சேலம் தாவல். ஆண்ட்ராய்டு தரும் இடம் ஜிபிஎஸ்ஸிலிருந்து மட்டும் வருவதில்லை. வைஃபை, டவர் இரண்டையும் கலந்து தருகிறது. வானம் தெரியாத நேரத்தில் பக்கத்தில் ஒரு வைஃபை ரூட்டர் கண்ணில் பட்டால், அந்த ரூட்டர் முன்பு பதிவான ஊரைச் சொல்லிவிடும். சேலத்தில் இருந்த கடை ரூட்டரோடு பரமத்திக்குக் குடிவந்திருந்தால் கதை முடிந்தது. அந்தப் புள்ளியின் துல்லிய மதிப்பைப் பாருங்கள். பல நூறு மீட்டர் என்று இருந்தால் வந்த வழி டவரோ வைஃபையோதான். இரண்டு வடிகட்டி போதும்: துல்லியம் 50 மீட்டருக்கு மேல் என்றால் தள்ளு, முந்தைய புள்ளியிலிருந்து கணக்கிட்ட வேகம் 150 கி.மீ. தாண்டினால் தள்ளு. ரூட்டர் பொய்யில் துல்லியம் சில நேரம் 20, 30 மீட்டர் என்றுகூட அழகாக வரும். அதனால்தான் இரண்டாவது வடிகட்டி தேவைப்படுகிறது.

துல்லியம் 10 மீட்டர் என்றால் 10 மீட்டருக்குள் நிச்சயம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது 68 சதவீத வாய்ப்புக்கான ஆரம். மூன்றில் ஒரு முறை அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம்.

1வதற்கு ஒரு விவரம் வேண்டும். அந்த ஆப் ஒவ்வொரு புள்ளியோடும் பேட்டரி சதவீதத்தையும் அனுப்பும். தடம் அறுந்த கடைசிப் புள்ளியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

லோடு_கணக்கு · திங்கள் காலை 11:03

பார்த்தேன். 3 போன், 8 நிகழ்வு. கடைசிப் புள்ளியில் 20, 20, 21, 20, 20, 20, 64, 20.

குறியீட்டான் · திங்கள் காலை 11:15

20 என்று வந்தவை பேட்டரி சேவர். 20 சதவீதத்தில் தானாக விழித்துக்கொண்டு, திரை அணைந்ததும் இருப்பிடத்தை நிறுத்திவிடுகிறது. திரையைத் தொட்டால் திரும்பும். மாலையில் தடம் வந்தது அதனால்தான். 64 மட்டும் வேறு. ஆப்பை போனே கொன்றிருக்கும், அல்லது டிரைவர் ‘கிளியர் ஆல்’ அழுத்தியிருப்பார்.

ஒவ்வொரு போனிலும் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள். பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

1. ஆப்பின் லொகேஷன் அனுமதி: ‘அலவ் ஆல் த டைம்’. ஆண்ட்ராய்டு 10 முதல் இது தனி அனுமதி. ‘ஒய்ல் யூசிங்’ என்று விட்டால் போனை ரீஸ்டார்ட் செய்தபின் ஆப் தானாக எழுந்தாலும் இடம் கிடைக்காது.
2. அதே பக்கத்தில் ‘யூஸ் பிரிசைஸ் லொகேஷன்’ ஆன். ஆண்ட்ராய்டு 12 முதல் இருக்கிறது. ஆஃப் ஆனால் சுமார் 3 சதுர கி.மீ. பரப்புக்குள் எங்கோ ஓர் இடம்தான் கிடைக்கும்.
3. ஆப் இன்ஃபோ, பேட்டரி, ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’. சியோமியில் இது ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்கும்.
4. சியோமி, ஓப்போ, விவோ என்றால் ‘ஆட்டோஸ்டார்ட்’ தனியாக ஆன் செய்ய வேண்டும். இதை விட்டால் மேலே செய்தது எல்லாம் ரீஸ்டார்ட் வரைக்கும்தான்.
5. சமீப ஆப்கள் திரையில் ஆப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுச் சின்னம் போடுங்கள். ‘கிளியர் ஆல்’ அதைத் தொடாது.
6. பேட்டரி சேவர் தானாக ஆன் ஆகும் அட்டவணையை எடுத்துவிடுங்கள்.
7. ஆப் இன்ஃபோவில் கீழே, பயன்படுத்தாத ஆப்பின் அனுமதியைப் பறிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். ஆஃப் செய்யுங்கள்.

7ஐப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானே பிடுங்கிக்கொள்ளும். பின்னணியில் ஓடுவது ‘பயன்பாடு’ கணக்கில் வராது. ட்ராக்கிங் ஆப்பை டிரைவர் எதற்குத் திறக்கப் போகிறார்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் ஒருநாள் காரணமே இல்லாமல் ஊமையாகிவிடும்.

மலைப்பாதை_லோடு · திங்கள் மதியம் 12:30

சந்தேகம். நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாதே, திம்பம் மாதிரி டவர் இல்லாத பாதையில் இதெல்லாம் எப்படி எடுபடும்?

எல்1_எல்5 · திங்கள் மதியம் 1:10

நெட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தம் குறைவு. போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, வானொலிப் பெட்டி மாதிரி கேட்க மட்டும்தான் செய்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னலில் ‘எத்தனை மணிக்குக் கிளம்பினேன்’ என்ற நேரம் இருக்கும். குறைந்தது 4 கோளிடமிருந்து அது கிடைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், போன் கடிகாரத்தின் பிழை ஆகிய நான்கையும் போன் கண்டுபிடித்துவிடும். ஃபிளைட் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் இடம் கிடைக்கும்.

நெட் உதவுவது முதல் இடம் சீக்கிரம் கிடைப்பதற்கு. கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது, ஒரு சுற்று முடிய 30 நொடி. நடுவில் ஒரு மரமோ பாலமோ மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். நெட் இருந்தால் அந்த விவரத்தைப் போன் சர்வரிலிருந்து ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளும். ஏ-ஜிபிஎஸ் என்பது இதுதான். ஆகவே திம்பம் அடிவாரத்தில் பண்ணாரி சோதனைச்சாவடியிலேயே தடம் ஓடிக்கொண்டிருந்தால் 27 கொண்டை ஊசி வளைவிலும் ஓடும். டவர் இல்லாத இடத்தில் புள்ளிகள் போனில் சேர்ந்து, டவர் வந்ததும் மொத்தமாகப் போகும். ஆப்பில் ‘ஆஃப்லைன் பஃபரிங்’ ஆன் ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இப்போது எங்கே’ என்பது மட்டும் அந்த நேரத்தில் தெரியாது.

போன் வாங்கும்போது ஒன்று பார்க்கலாம். பழைய, மலிவு போன்கள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும். எல்5, அதாவது 1176.45, சேர்த்துக் கேட்கும் போன்கள் 2018 முதல் வருகின்றன. கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை எல்5 நன்றாகப் பிரித்தறியும். அண்ணா சாலை மாதிரி இடத்தில் வண்டி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது குறையும். நம் நாட்டின் சொந்த வழிகாட்டிக் கோள்களான நாவிக்கும் எல்5இல் பேசுகின்றன. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 முதல் புதிய கோள்களில் எல்1உம் சேர்ந்திருக்கிறது. ஜிபிஎஸ் டெஸ்ட் வகை இலவச ஆப் ஒன்றைப் போட்டு, வெட்டவெளியில் 2 நிமிடம் வைத்தால் எந்தெந்த அலை வருகிறது என்று பட்டியலிலேயே தெரியும்.

வயரிங்_பட்டறை · திங்கள் மாலை 4:45

மதியம் 1 மணிக்கு 20 சதவீதத்துக்கு வருதுன்னா சார்ஜர் கோளாறுங்க. வண்டியில சார்ஜர் மாட்டியும் இறங்குதா?

லோடு_கணக்கு · திங்கள் மாலை 4:52

ஆமாம், மாட்டியே இருக்கிறது. சார்ஜ் ஆகும் சின்னமும் காட்டுகிறது.

வயரிங்_பட்டறை · திங்கள் மாலை 5:30

சின்னம் காட்டும், கரண்ட் போகாது. ஒயரைப் பாருங்க. கடையில கிடைக்கிற மெல்லிசு 2 மீட்டர் கேபிள்ல உள்ள இருக்கிறது 28 கேஜ் கம்பி. போக வர 4 மீட்டர், சுமார் 0.85 ஓம். 1.5 ஆம்பியர் இழுத்தா 1.3 வோல்ட் ஒயர்லயே போயிரும். 5 வோல்ட் 3.7 ஆகி வந்தா போன் தானா இழுக்கிறதைக் குறைச்சுக்கும். திரையும் மேப்பும் ஓடினா வரவை விடச் செலவு அதிகம், சார்ஜ்ல இருந்துக்கிட்டே இறங்கும். 1 மீட்டர் கேபிள், மேல 24 ஏடபிள்யூஜின்னு (கேஜ் எண், குறையக் குறைய கம்பி தடிமன்) அச்சடிச்சது வாங்குங்க. அதே 1.5 ஆம்பியருக்கு இழப்பு கால் வோல்ட்தான்.

லாரிக்கு 24 வோல்ட்டுங்க. இன்ஜின் ஓடுறப்ப 28 வரைக்கும் ஏறும். 12 மட்டும் தாங்குற கார் சார்ஜரை லைட்டர் குழியில சொருகினா அன்னைக்கே புகையும், சில சமயம் போனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும். மேல ‘12-24’னு இருக்கணும்.

அடுத்து இடம். டேஷ்போர்டு மேல கண்ணாடிக்கு ஒட்டி வெக்காதீங்க. மதிய வெயில்ல பூட்டி நிறுத்துன கேபின்ல போன் சூடு 45 டிகிரியைத் தாண்டுனா சார்ஜ் ஏறுறதை அதுவே நிறுத்திக்கும். ஏசி இல்லாத வண்டியில காத்து படுற மாதிரி, ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், வானம் கொஞ்சமாச்சும் தெரியணும். சீட்டுக்கு அடியிலயும் இரும்புப் பெட்டிக்குள்ளயும் வெச்சுட்டு ஜிபிஎஸ் சரியில்லைன்னு சொல்லக்கூடாது.

மலிவு சார்ஜரும் மலிவு டேஷ்கேமும் ரேடியோ இரைச்சல் போடும். சந்தேகம்னா ஒரே இடத்துல நின்னு, அந்த ஜிபிஎஸ் டெஸ்ட் ஆப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, சார்ஜரைச் சொருகி எடுத்துப் பாருங்க. சொருகினதும் சிக்னல் கம்பியெல்லாம் சேந்து இறங்கினா குற்றவாளி அதுதான்.

போனுல ‘80 சதவீதத்தோட நிறுத்து’ன்னு வசதி இருந்தா போட்டு விடுங்க. வெயில்லயே 100ல தொங்கிக்கிட்டு இருந்தா ஒரு வருசத்துல பேட்டரி உப்பி முதுகு மூடி தெறிக்கும்.

வால்பாறை_சுற்று · திங்கள் இரவு 8:20

தூரம் கூடுவதைப் பேசினீர்கள், குறைவதையும் சொல்ல வேண்டும். புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டுக் கூட்டுவதால் வளைவெல்லாம் வெட்டுப்படும். பேட்டரியை மிச்சம்பிடிக்க 60 நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 333 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. வளைவின் இந்தக் கையில் ஒரு புள்ளி, அந்தக் கையில் ஒரு புள்ளி. நடுவில் ஏறியது முழுக்க காணாமல் போகும். டீசல் கணக்கோடு ஒப்பிட்டு டிரைவரைத் திருடன் என்று சொல்லிவிடுவார்கள்.

நேரத்தை மட்டும் வைத்துப் புள்ளி எடுக்காமல் திசையையும் சேருங்கள். ட்ராக்கார் கிளையன்ட்டில் இடைவெளி, தூரம், கோணம் என்று 3 அமைப்பு இருக்கிறது. நேர்ச்சாலையில் 30 நொடி, கோணம் 30 டிகிரி என்று வைத்தால் வளைவில் மட்டும் புள்ளி நெருக்கமாக விழும். இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் சர்வரில் தடத்தைச் சாலை வரைபடத்தில் பொருத்தி அளக்க வேண்டும். உங்கள் 13 வண்டிக்கு அது தேவைப்படாது.

ஓடோமீட்டரும் சத்தியவான் அல்ல. அது சக்கரச் சுற்றை எண்ணுகிறது. லாரி டயரின் ஆரம் சுமார் 520 மி.மீ.; பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பகுதி, 12 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 2.3 சதவீதம் குறையும், மீட்டர் அந்த அளவுக்குக் கூடக் காட்டும். போன் கணக்குக்கும் மீட்டருக்கும் 3, 4 சதவீத வித்தியாசம் இருந்தால் யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை.

லோடு_கணக்கு · செவ்வாய் காலை 9:05

பேட்டரி சேவர் எடுத்தாயிற்று, கேபிள் மாற்றச் சொல்லியாயிற்று. அடுத்தது கடை நேரம். சுமார் 340 கடை. ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு, உள்ளே வந்தது, வெளியே போனது என்று எடுக்கலாமா? வட்டம் எவ்வளவு?

குறியீட்டான் · செவ்வாய் காலை 9:50

போனில் போடாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்புக்கு 100 வட்டம்தான் அனுமதி, ஐபோனில் 20. பின்னணியில் இருக்கும்போது வட்டத்துக்குள் வந்த செய்தி 2, 3 நிமிடம் தாமதமாகக்கூட வரும். 4 நிமிடம் நிற்கிற கடைக்கு அது உதவாது. புள்ளிகள் எப்படியும் சர்வருக்கு வருகின்றன, வட்டக் கணக்கை அங்கேயே செய்யுங்கள்.

உள்ளே என்பதற்கு 60 மீட்டர், வெளியே என்பதற்கு 100 மீட்டர் என்று இரண்டு அளவு வையுங்கள். ஒரே அளவு வைத்தால் விளிம்பில் நிற்கும் வண்டி 10 நிமிடத்தில் 7 முறை உள்ளே வெளியே போனதாக அறிக்கை வரும். குறைந்தது 2 நிமிடம் தங்கினால்தான் வருகை என்று எடுங்கள், இல்லாவிட்டால் சிக்னலில் நின்றதும் வருகையாகும். கடைத்தெருவில் 3 கடை 60 மீட்டருக்குள் இருந்தால் எந்தக் கடை என்று இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே பில் நேரத்தோடு பொருத்துவதுதான் வழி.

கடையின் இடத்தை மேப்பில் கைவிரலால் குத்தாதீர்கள். வண்டி உண்மையில் நிற்பது எதிர்ப்பக்கமோ பின்சந்தோ ஆக இருக்கும். முதல் 5 வருகையில் வண்டி நின்ற புள்ளிகளின் நடுவை எடுத்துக் கடையின் இடமாக்குங்கள். தசமத்தில் 5 இலக்கம் போதும்: 5ஆவது இலக்கம் சுமார் 1.1 மீட்டர், 4ஆவது 11 மீட்டர். 8 இலக்கம் சேமிப்பதால் துல்லியம் வராது, எக்செல்தான் பெருக்கும்.

சங்ககிரி_சக்கரம் · செவ்வாய் காலை 11:20

எல்லாம் சரிங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து பொய் இடம் காட்டுற ஆப் ஒண்ணைப் போட்டா? பசங்க 5 நிமிசத்துல கத்துக்குவாங்க.

குறியீட்டான் · செவ்வாய் காலை 11:48

பொய் இடம் என்றால் ஆண்ட்ராய்டே அந்தப் புள்ளியின் மேல் முத்திரை குத்தித்தான் ஆப்புக்குத் தருகிறது. சர்வரில் அதைத் தனியாகக் காட்டினால் போதும். முத்திரையை மறைக்கும் வித்தை தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் பொய்த்தடம் ரொம்ப ஒழுங்காக இருக்கும்: துல்லியம் எப்போதும் ஒரே எண், உயரம் மாறாது, வேகம் ஆடாது. உண்மையான தடம் எப்போதும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும்.

கம்பெனி போன் என்பதால் இன்னொரு வழி இருக்கிறது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் 6 முறை தட்டினால் கியூஆர் கேட்கும். கம்பெனி போன்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாக ஆப்பின் கியூஆரைக் காட்டிப் பதிவு செய்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ், லொகேஷன் பொத்தான், ஆப்பை நீக்குவது மூன்றையும் பூட்டலாம். டிரைவரின் சொந்த போனில் இதைச் செய்யாதீர்கள்.

லாரிக்கு எளிய சோதனை ஃபாஸ்டேக். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிய நேரம் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். அந்த நேரத்தில் போன் எங்கே இருந்தது என்று பாருங்கள். எஸ்.எம்.எஸ். வந்த நேரத்தை எடுக்காதீர்கள், அது சில நேரம் தாமதமாக வரும். ஸ்டேட்மென்ட்டில் டேக் படித்த நேரம் என்று தனியாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

வாடகை_லாரி · செவ்வாய் மதியம் 12:15

வெளி லாரி பிடித்து லோடு அனுப்பினால் அந்த டிரைவர் போனில் ஆப் போட முடியாது. அதற்கு சிம் ட்ராக்கிங் சேவைகள் இருக்கின்றன. டிரைவர் எஸ்.எம்.எஸ். வழியாகச் சம்மதம் தந்தால், டவரை வைத்து இடம் சொல்வார்கள். பட்டன் போனிலும் நடக்கும். ஊருக்குள் சில நூறு மீட்டர், நெடுஞ்சாலையில் சில கி.மீ. பிழை. வாணியம்பாடி தாண்டிவிட்டதா என்று கேட்க அது போதும், குடோன் வாசலில் நிற்கிறதா என்று கேட்கப் போதாது.

வயரிங்_பட்டறை · செவ்வாய் மதியம் 2:40

லாரிக்குப் பெட்டி போடுறதா இருந்தா இதைக் கவனிங்க. சிவப்பு ஒயர் பேட்டரி நேர் லைன், கறுப்பு எர்த், ஆரஞ்சு சாவி லைன். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வர்ற தாளைப் பாத்துக்கங்க. சிவப்புல 2 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமப் பூட்டாதீங்க. எர்த்தைப் பெயின்ட் மேல முறுக்கி விட்டா 6 மாசத்துல துரு ஏறி விட்டு விட்டு வரும். சுரண்டிட்டு ரிங் டெர்மினல் போட்டு போல்ட்ல இறுக்கணும்.

சாவி லைனைக் கொடுக்காம விட்டுட்டு ‘ஏன் தூங்கவே மாட்டேங்குது’ன்னு வருவாங்க. நின்ன வண்டியிலயும் பெட்டி 30 மில்லி ஆம்பியர் குடிக்குதுன்னு வெச்சுக்கங்க, நாளுக்கு 0.72, மாசத்துக்கு 21.6 ஆம்பியர் அவர். லாரி பேட்டரி தாங்கும், குட்டி யானை தாங்காது.

பழைய 2ஜி பெட்டியில ஜியோ சிம் போட்டுட்டு உயிர் வரலைன்னு சொல்லாதீங்க, ஜியோவுல 2ஜியே கிடையாது.

இன்ஜினை நிறுத்துற ரிலே கேப்பாங்க. ஓடுற லாரியை ஆபீஸ்ல இருந்து நிறுத்துனா பவர் ஸ்டியரிங் போயிரும், பிரேக்குக்குக் காத்தும் ஏறாது. வேண்டவே வேண்டாம்னு சொல்லுவேன்.

எல்1_எல்5 · செவ்வாய் மாலை 6:10

சின்ன எச்சரிக்கை. உயரத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்துக்கு வைத்திருக்கும் கணித உருண்டையின் மேற்பரப்பிலிருந்து. நம் பக்கம் கடல்மட்டமே அந்த உருண்டைக்குக் கீழே கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே, கடல்மட்டம் உலகிலேயே அதிகமாகத் தாழ்ந்து கிடக்கிறது, 100 மீட்டருக்கு மேல். அதனால் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் லாரி கடலுக்குக் கீழே 80, 90 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். கோளாறு இல்லை.

வேகத்துக்கு, இரண்டு புள்ளிக்கு நடுவே வகுத்துக் கணக்கிடாதீர்கள். போன் தரும் வேகம், வண்டி நகர்வதால் சிக்னல் அலையில் வரும் மாற்றத்திலிருந்து நேராக வருவது, இடத்தைவிட நம்பகமானது. ஆனால் ட்ராக்கார் உள்ளே வேகத்தை நாட் (1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.) கணக்கில் வைத்திருக்கிறது. ஏபிஐ (சர்வர் தரவை வேறு மென்பொருளுக்குத் தரும் வழி) வழியாக எடுத்து எக்செலில் போடுபவர்கள் 1.852ஆல் பெருக்க மறந்தால் 60இல் ஓடிய வண்டி 32 என்று வரும். டிரைவர்கள் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டால் இதைச் சோதியுங்கள்.

ஸ்டியரிங்_பக்கம் · செவ்வாய் இரவு 9:00

ஓட்டுகிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. போன் கம்பெனியுடையது, ஆனால் அது இரவில் வீட்டுக்கும் வருகிறது. 24 மணி நேரமும் ஆன் என்றால் டிரைவர் அதை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போவார், அல்லது ஆஃப் செய்வார். இரண்டுமே உங்களுக்கு நஷ்டம். டிரிப் தொடங்கும்போது ஆன், முடியும்போது ஆஃப் என்று பொத்தானை அவர் கையில் கொடுங்கள். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, சொல்லாமல் எடுப்பது வம்பு. அவருடைய தடத்தை அவரும் பார்க்கட்டும். படிக்காசு, நிறுத்தி வைத்த நேரக் கூலி என்று தகராறு வந்தால் அதே தடம் அவருக்கும் சாட்சி.

லோடு_கணக்கு · புதன் காலை 10:30

முடிவு செய்தது: 4 லாரிக்கும் பெட்டி, 9 குட்டி யானைக்கும் போன். டிரிப் பொத்தானும் தாளும் தயாராகின்றன. டேட்டா எவ்வளவு போகும்?

இன்னொரு சிக்கல். சோதனை போன் ஒன்றைக் கொச்சி லாரியில் கொடுத்துவிட்டோம். அதிகாலை 3 மணிக்குக் கிளம்புகிறது. நாள் அறிக்கையில் முதல் இரண்டரை மணி நேர ஓட்டம் முந்தைய நாளில் விழுகிறது. சரி என்று 5:30 மணி நேரம் கூட்டினால் எல்லாமே உண்மை நேரத்தைவிட 5:30 மணி நேரம் முன்னால் போய்விட்டது.

குறியீட்டான் · புதன் காலை 11:05

டேட்டா: ஒரு புள்ளி 200 பைட் என்று கொண்டால் 10 நொடிக்கு ஒன்று, 10 மணி நேரம், 3,600 புள்ளி, நாளுக்கு 720 கே.பி. 26 நாளுக்கு 19 எம்.பி. ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகப் பாதுகாப்பு இணைப்பு திறந்தால் புள்ளிக்கு 5 கே.பி. ஆகிவிடும், மாதம் 468 எம்.பி. அப்போதும் ஒரு நாளுக்கு 1 ஜி.பி. தரும் பிளானில் இது தெரியாது. ரீசார்ஜ் முடியும் தேதியை மட்டும் 13 சிம்முக்கும் ஒரே நாளாக வையுங்கள்.

நேரம்: கோள் தருவது இந்திய நேரம் அல்ல. புள்ளிகள் சர்வதேச நேரத்தில் சேமிக்கப்படும். அதில் நாள் மாறுவது நமக்குக் காலை 5:30க்கு. அதனால் 3 மணிக்குக் கிளம்பியதில் 5:30 வரை உள்ள ஓட்டம் நேற்றில் விழுகிறது. நீங்கள் 5:30 கூட்டியபோது உண்மை நேரத்திலிருந்து 5:30 தள்ளியது என்றால், திரையில் காட்டும் நேரம் ஏற்கெனவே இந்திய நேரமாக மாறியிருக்கிறது, நாளை வெட்டும் இடம் மட்டும் மாறவில்லை. கூட்டியதை எடுத்துவிடுங்கள். சர்வர் கடிகாரத்தையும் தொடாதீர்கள். அறிக்கை எடுக்கும் பயனர் கணக்கில் நேர மண்டலத்தை ‘ஏசியா/கோல்கட்டா’ என்று வைத்து, நாளின் தொடக்கத்தை 00:00 என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

லோடு_கணக்கு · புதன் மதியம் 12:20

சரியாக வந்துவிட்டது. 3:04க்குக் கிளம்பியது இன்றைய தேதியிலேயே விழுகிறது. லாரிக்கு வந்த பெட்டிகளில் ஒன்று மட்டும் தேதியைப் பல ஆண்டு பின்னால் காட்டுகிறது, இடம் சரியாக இருக்கிறது. அதுவும் நேர மண்டலமா?

எல்1_எல்5 · புதன் மதியம் 12:41

இல்லை. ஜிபிஎஸ் வாரத்தை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0இல் தொடங்கும்; கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய மென்பொருள் உள்ள பெட்டி 1024 வாரம், அதாவது 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டும். வித்தியாசம் அதே அளவா என்று பாருங்கள். ஆம் என்றால் அது பழைய சரக்கு. புதிய மென்பொருள் ஏற்றித் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் பெட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.